கிட்டார் எங்கே மூச்சு வாங்கும்? வேகம், மெட்டு, உணர்வு: புதிதாகக் கற்பவர்களுக்கு

கிட்டார் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால், படிப்பதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். மிக மெல்லிய கம்பிதான் முதல் கம்பி. அதில் ஐந்தாவது ஃப்ரெட்டை (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளால் பிரிந்த கட்டம்) அழுத்தி ஒருமுறை மீட்டுங்கள். அந்தச் சுரத்தை வாயால் ‘ஆ’ என்று பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது இரண்டாம் கம்பிக்கு வாருங்கள். எட்டாவது ஃப்ரெட்டில் மோதிர விரலை வைத்து, அதற்குப் பின்னால் நடுவிரலையும் ஆள்காட்டி விரலையும் துணைக்கு நிறுத்துங்கள். கம்பியை மீட்டி, ஒலி இருக்கும்போதே மூன்று விரலாலும் கம்பியை மேல்பக்கமாகத் தள்ளுங்கள். சுரம் ஏறும். உங்கள் வாயில் நிற்கும் அந்த ‘ஆ’வோடு அது போய்ச் சேர வேண்டும்.

முதல் தடவை யாருக்கும் சேராது. பத்தாவது தடவையும் பெரும்பாலும் சேராது. கம்பியைத் தள்ளும்போது அதன் இழுவிசை கூடுகிறது, இழுவிசை கூடினால் சுரம் ஏறுகிறது. இரண்டு ஃப்ரெட் அளவுக்குச் சுரத்தை ஏற்ற, அந்த இழுவிசை ஏறத்தாழக் கால் பங்கு கூட வேண்டும். விரல் நுனிக்கு அது கடுமையான வேலை. கொஞ்சம் குறைந்தால் சுரம் எட்டாமல் இழுத்துக்கொண்டு நிற்கும், கூடிப்போனால் கீச்சென்று கேட்கும். (நைலான் கம்பி கிட்டாரில் இவ்வளவு தூரம் ஏறாது. அதில் எட்டிலிருந்து பத்தாவது ஃப்ரெட்டுக்கு விரலைச் சறுக்குங்கள், அதே சுரம் வரும்.)

சரி, என்றைக்கோ ஒரு நாள் அது சரியாகப் போய்ச் சேரும்போது, பக்கத்து அறையில் இருப்பவர்கூட ஒரு கணம் திரும்பிப் பார்ப்பார். குரல் போலக் கேட்கும். இப்போது சொல்லுங்கள்: அங்கே நடந்தது கை வித்தையா, உணர்வா?

வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு மாடி அறையில் பல வருடங்களாகக் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேராவது முதல் மாதத்திலேயே கேட்டுவிடுவார்கள்: “மாஸ்டர், ஸ்பீடு முக்கியமா, ஃபீல் முக்கியமா?” இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்பது போல அந்தக் கேள்வி இருக்கும். எனக்கும் அந்த வயதில் அதே கேள்வி இருந்தது. அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் மூன்று சொற்களைத் தனித்தனியாகப் பார்த்தால் பாதிக் குழப்பம் போய்விடும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மூன்று சொற்கள்

டெக்னிக் என்றால் கை செய்யக்கூடியது. சுத்தமாக அழுத்துவது, பிக்கை (மீட்டும் சிறு தகடு) மேலும் கீழும் சீராக ஓட்டுவது, கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) மாற்றுவது, கம்பியை வளைப்பது (பெண்ட்), வேண்டாத கம்பியை அடக்கி வைப்பது எல்லாம் இதில் அடக்கம். வேகம் இதில் ஒரு சிறு பகுதிதான். டெக்னிக் என்றதும் எல்லோருக்கும் வேகம் நினைவுக்கு வருவதற்குக் காரணம், வேகத்தைத்தான் எண்ணிப் பார்க்க முடியும். மெட்ரோனோமில் (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 120 தட்டிலிருந்து 140-க்கு வந்துவிட்டேன் என்று சொல்லலாம். என் பெண்ட் நேற்றைவிட இன்று சுருதியோடு சேர்ந்தது என்பதைச் சொல்ல எண் கிடையாது.

மெட்டு என்பது வாயால் பாட முடிகிற வரி. வீணையில் ஃப்ரெட்டுக்கும் மெட்டு என்றுதான் பெயர், அந்தப் பொருத்தம் எனக்கு எப்போதும் பிடிக்கும். கிட்டாரில் நீங்கள் வாசித்த ஒன்றைக் கேட்டவர் வீட்டுக்குப் போகும் வழியில் முணுமுணுத்தால் அது மெட்டு.

ஃபீல் என்று பிள்ளைகள் சொல்வதை நம் பாட்டுக்காரர்கள் பாவம் என்பார்கள், ஜீவன் என்பார்கள். “பாட்டு சரியா இருக்கு, ஜீவன் இல்ல” என்று ஊரில் எந்தப் பெரியவரும் சொல்லிவிடுவார். ஆனால் ஜீவன் எங்கே இருக்கிறது என்று கேட்டால் கையை விரிப்பார்கள். நான் சொல்ல வருவது இதுதான்: கிட்டாரில் அந்த ஜீவன் பெரும்பாலும் தொட்டுக் காட்டக்கூடிய இடங்களில்தான் இருக்கிறது. ஒரு சுரம் எவ்வளவு நேரம் நிற்கிறது, எப்படி முடிகிறது, அதற்கு முன்னால் எவ்வளவு அமைதி இருந்தது, கம்பி எவ்வளவு அழுத்தி மீட்டப்பட்டது, வளைத்த சுரம் சரியாகப் போய்ச் சேர்ந்ததா. இவை அத்தனையும் கையின் வேலை. அந்தக் கைக்கு வேலை சொல்ல ஒரு காது வேண்டும்.

போன வருடம் காட்பாடியில் இன்ஜினியரிங் படிக்கும் ஒரு தம்பி வந்தான். காலேஜ் விழாவில் வாசிக்கப் பழகி வைத்திருந்த சோலோவை வாசித்துக் காட்டினான். ஐந்தாவது ஃப்ரெட்டில் தொடங்கும் அந்தப் பழைய பென்டடானிக் பெட்டி (ஐந்து சுர ஸ்கேலுக்கு விரல் வைக்கும் அமைப்பு), கிட்டார் எடுத்த எல்லோரும் முதலில் படிப்பது. அதை மேலும் கீழும் மழை மாதிரிக் கொட்டினான். ஒரு கம்பி தவறவில்லை, எனக்கு உண்மையிலேயே பிரமிப்பாக இருந்தது. முடித்ததும், “இப்ப வாசிச்சதுல ஒரே ஒரு வரி பாடு” என்றேன்.

வாயைத் திறந்தான், மூடினான். “ஸ்பீடா இருந்துச்சே மாஸ்டர், எப்படிப் பாடறது?”

“பாதி வேகத்துல பாடு.”

பாட வரவில்லை. அவன் வாசித்தது அவன் விரலில் இருந்தது, காதில் இல்லை. விரல் அடுத்த இடத்துக்குப் போனது, ஏனென்றால் போன வாரமும் அங்கேதான் போனது.

அதே மாதத்தில் நர்சிங் படிக்கும் ஒரு தங்கையும் சேர்ந்தாள். சர்ச் பாடகர் குழுவில் பாடி வளர்ந்தவள். ஒரு கீர்த்தனையைப் பாடச் சொன்னால் அழகாகப் பாடுவாள், எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் எல்லாம் தெரியும். அதையே கிட்டாரில் வாசிக்கும்போது சுண்டு விரல் போதுமான அளவு அழுத்தாது, சுரம் ஜிர்ர் என்று செத்துப்போகும். அடுத்த சுரத்துக்குக் கை போய்ச் சேர்வதற்குள் வரி அறுந்துவிடும். அவளிடம் போய், “ஃபீல் இருக்கு, அது போதும்மா” என்று நான் சொன்னால் அது ஏமாற்று. அவளுக்குத் தேவை தினமும் இருபது நிமிடம் விரல் சாதகம், வேறெதுவும் இல்லை.

தேயும் சுரம்

கிட்டாரைப் பற்றி ஒரு அடிப்படை உண்மையை யாரும் முதல் வகுப்பில் சொல்வதில்லை. மீட்டிய கணத்திலேயே அதன் ஒலி தேயத் தொடங்கிவிடும். நாதஸ்வரத்தில் மூச்சு இருக்கும்வரை சுரத்தை நிறுத்தலாம், நடுவில் பெருக்கலாம். வயலினில் வில் ஓடும்வரை நிறுத்தலாம். கிட்டாரில் மீட்டிய பிறகு ஒலியைப் பெருக்க வழியே கிடையாது. (எலக்ட்ரிக் கிட்டாரில் டிஸ்டார்ஷன், அதாவது ஒலியைக் கரகரப்பாக்கும் எஃபெக்ட், போட்டால் தேய்மானம் மெதுவாகும். ராக் கிட்டாரில் நீண்ட சுரங்கள் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.)

அதனால் கிட்டார் வாசிப்பவருக்கு எப்போதும் ஒரு பயம் உண்டு: ஒலி போய்க்கொண்டிருக்கிறதே, உடனே இன்னொன்றைப் போடு. அந்தப் பயம்தான் பலரைத் தேவையில்லாத வேகத்துக்குத் தள்ளுகிறது என்று நான் நினைக்கிறேன். வெற்றிடத்தை நிரப்பப் பத்துச் சுரம், அது தேய்வதற்குள் இன்னும் பத்து.

தேய்கிற சுரத்தை உயிரோடு வைத்திருக்க இன்னொரு வழி வைப்ராட்டோ. அழுத்திய விரலை மெல்ல ஆட்டி, சுரத்தை ஏற்றி இறக்குவது. நல்ல வைப்ராட்டோ ஒரு வினாடிக்கு ஐந்து முதல் ஏழு முறை ஆடும். ஒரு முழு ஆட்டத்துக்கு வினாடியில் ஏழில் ஒரு பங்காவது வேண்டும். இப்போது வேகத்தைக் கணக்குப் பாருங்கள். நிமிடத்துக்கு 180 தட்டு, ஒரு தட்டுக்கு நான்கு சுரம் என்றால் வினாடிக்குப் பன்னிரண்டு சுரம். ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது வினாடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அதற்குள் ஒரு ஆட்டம்கூட முழுதாக அடங்காது. விரல் எவ்வளவு திறமையானதாக இருந்தாலும் அந்தச் சுரத்தை வளைக்கவோ அசைக்கவோ நேரமே இல்லை.

அப்படியானால் வேகமான வரியில் ஜீவனே வராதா? வரும், ஆனால் வேறு இடத்திலிருந்து வரும். எந்தச் சுரத்தை அழுத்தி அடித்தீர்கள், வரி மொத்தமாக எப்படி ஏறி இறங்குகிறது, ஓடி வந்து எந்தச் சுரத்தில் உட்காருகிறது, இந்த மூன்றும்தான் அங்கே பேசும். ஸ்பெயினின் பாகோ தெ லூசியாவை (1947–2014) கேளுங்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி ஓடும் அந்த வேகத்தில், அவர் எங்கே போய் நிற்கப் போகிறார் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். நம் மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014) மின்னல் வேகத்தில் கல்பனாஸ்வரம் வாசித்தவர், அவரே ஆலாபனையில் ஒரு சுரத்தை உருக உருகப் பிடித்தவர். மாண்டலினில் வழக்கமாக இருக்கும் இரட்டைக் கம்பிகளை விட்டுவிட்டு ஐந்து ஒற்றைக் கம்பியாக அவர் வைத்துக்கொண்டார். இரட்டைக் கம்பியை ஒன்றாக வளைத்துச் சுருதி தப்பாமல் கமகம் (சுரத்தை அசைத்து இழைப்பது) கொடுப்பது எவ்வளவு பாடு என்று ஒருமுறை முயன்றவருக்குத் தெரியும். அவர் செய்தது ஒரு டெக்னிக் முடிவு. அதனால் கிடைத்தது பாவம்.

தெருக்கூத்தில் படித்த பாடம்

இந்த விஷயத்தில் எனக்குக் கண் திறந்தது எந்தக் கிட்டார் வகுப்பிலும் இல்லை. குடியாத்தம் பக்கம் ஒரு கிராமத்தில், திரௌபதி அம்மன் கோவில் அக்னி வசந்த விழாவில். பழைய வடாற்காடு முழுக்கவே பாரதக் கூத்து மண். விடிய விடிய ஆடுவார்கள். நான் கூத்து மேடைக்குப் பக்கவாட்டில், வாத்தியக்காரர்களுக்கு அருகில் உட்கார இடம் கிடைத்துப் போய் உட்கார்ந்தேன். ஆர்மோனியம், மிருதங்கம், தாளம், அப்புறம் முகவீணை. முகவீணை என்றால் வீணை இல்லை. ஒரு முழம்கூட இருக்காத ஊதுகருவி, நாதஸ்வரத்தின் தம்பி மாதிரி, சீவாளி (வாயில் வைக்கும் நாக்கு) வைத்து ஊதுவது.

வேடக்காரர் ஒரு வரி பாடுவார், பின்பாட்டுக்காரர்கள் அதைத் திருப்பிப் பாடுவார்கள், முகவீணை கூடவே போகும். நள்ளிரவு தாண்டி, துகில் உரியும் கட்டம். திரௌபதி வேடக்காரர் ஒரு வரியின் கடைசி எழுத்தை நீட்டிக்கொண்டே போய், பாதியில் குரல் உடைந்து நிறுத்தினார். அழுகையாலா, மூச்சு போதாமலா என்று தெரியாது. முகவீணையும் அதே இடத்தில் நின்றது. ஒரு இமை நேரம் மேடையில் ஒன்றுமே கேட்கவில்லை, பெட்ரோமாக்ஸ் சத்தம் மாதிரி ஜெனரேட்டர் சத்தம் மட்டும். பிறகு வேடக்காரர் அடுத்த எழுத்தை எடுத்தார், முகவீணை அவருக்கு அடியில் வந்து சேர்ந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

விடிந்ததும் முகவீணை ஊதிய பெரியவர் சீவாளியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். “ஐயா, ஒரு இடத்துலகூட விட்டுப்போகாம எப்படிப் பிடிக்கிறீங்க?” என்று கேட்டேன்.

“இன்னா தம்பி, இது ஒரு கேள்வியா? பாட்றவன் எங்க மூச்சு வாங்கறானோ அங்க நானும் வாங்கறேன். வாங்கலைன்னா ஊத முடியுமா?”

வீட்டுக்கு வரும் பஸ்ஸில் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். ஊதுகிறவருக்கு மூச்சு முடிந்தால் வரியும் முடிந்தாக வேண்டும். பாடுகிறவருக்கும் அப்படித்தான். அவர்களுடைய வரிகள் எல்லாம் ஒரு மூச்சு நீளத்தில் தானாகவே அமைந்துவிடும், கேட்பவரின் உடம்பும் அதே மூச்சில் கூடவே போகும். கிட்டார்காரருக்கு மூச்சே தேவையில்லை. வாசித்துக்கொண்டே இருக்கலாம், ஐந்து நிமிடம் நிறுத்தாமல். கேட்பவருக்குத்தான் மூச்சு முட்டும். நான் கல்லூரி நாட்களில் அப்படித்தான் வாசித்தேன். ஒரு கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் மூச்சு விடாமல் ஒரு சோலோ கொட்டினேன். கைதட்டினார்கள். ஒருவர்கூட அதில் ஒரு வரியைத் திருப்பிச் சொல்லவில்லை. அதற்கு அடுத்து ஒரு சின்னப் பெண் ரெக்கார்டர் என்ற குழலில் ஊதிய பாட்டை வாசல் வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டு போனார்கள்.

ப்ளூஸ் என்ற அமெரிக்க இசையில் கிட்டார் வாசித்த பி. பி. கிங் (1925–2015) இந்த மூச்சைத் தன் வாசிப்பின் அடிப்படையாகவே வைத்திருந்தார். அவர் பாடும்போது கிட்டார் நிற்கும், பாட்டு நின்றதும் கிட்டார் பதில் சொல்லும். பின்பாட்டு போலவே இல்லையா? அவர் வைப்ராட்டோ வந்த கதையும் இங்கே முக்கியம். அவருடைய உறவினர் புக்கா ஒயிட் கம்பியின் மேல் குழாயைச் சறுக்கி வாசிக்கும் ஸ்லைடு முறையில் தேர்ந்தவர். அந்த ஒலி கிங்குக்கு வேண்டும், ஆனால் ஸ்லைடு அவருக்குக் கைவரவில்லை. அதே ஒலியை வெறும் விரலை அசைத்து எடுக்கப் பார்த்தார். இரண்டு சுரம் வாசித்தாலே கிங் என்று கண்டுபிடிக்க வைத்தது அந்த அசைவுதான். மனதில் ஒரு ஒலி முதலில் இருந்தது, கை அதைத் தேடிப் போயிற்று.

வேகத்தின் வரலாறும் கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது. எட்டி வான் ஹேலன் 1978-இல் வந்த தன் குழுவின் முதல் ஆல்பத்தில் வலது கை விரலாலும் ஃப்ரெட்டைத் தட்டி வாசித்தபோது ராக் கிட்டார் உலகமே திரும்பிப் பார்த்தது. ஸ்வீடனின் இங்வே மால்ம்ஸ்டீன் 1984-இல், இத்தாலிய வயலின் மேதை பகனினியின் வேகத்தைக் கிட்டாருக்குக் கொண்டுவந்தார். அடுத்த சில வருடங்களுக்கு யார் வேகம் என்பதே போட்டி. 1990-களின் தொடக்கத்தில் நிர்வானா போன்ற குழுக்கள் வந்ததும் காற்று திசை மாறியது. பாட்டின் மெட்டையே அப்படியே எடுத்து வாசிக்கிற சோலோக்கள் வந்தன. ‘ஸ்பீடா, ஃபீலா’ என்று இன்று நம் பிள்ளைகள் கேட்பது அந்தச் சண்டையின் மிச்சம்தான். ஆனால் மால்ம்ஸ்டீனைக் கேட்கும்போது வேகமான பகுதியைத் தாண்டி, அவர் ஒரு சுரத்தில் நின்று அதை அகலமாக அசைக்கும் இடத்தைக் கேளுங்கள். அந்த அசைவு இல்லாமல் அவர் வேகத்துக்கு அவ்வளவு மதிப்பு வந்திருக்காது என்பது என் கருத்து.

இன்னொருவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். 1928-இல் அவர் தங்கியிருந்த வண்டி தீப்பிடித்ததில் இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் கெட்டுப்போயின. மீதி இரண்டு விரலால் சோலோ வாசிக்கப் பழகி, ஐரோப்பிய ஜாஸ் கிட்டாரின் பெரிய பெயரானார். வேகமாகவும் வாசித்தார், உருகவும் வாசித்தார். விரல் நீளமில்லை, எனக்குக் கிட்டார் வராது என்று சொல்லும் பிள்ளைகளுக்கு இவரைப் பற்றித்தான் முதலில் சொல்வேன்.

ஒரே சுரம், மூன்று முகம்

மெட்டு எங்கிருந்து அர்த்தம் பெறுகிறது என்பதைப் பேசிப் புரியவைப்பது கஷ்டம். ஒரு நண்பரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் இரண்டாம் கம்பியில் முதல் ஃப்ரெட்டை மட்டும் வாசியுங்கள், அது ‘சி’ (C) என்ற சுரம். நண்பர் ஏ மைனர் கார்டை ஒருமுறை வருடட்டும், கேளுங்கள். அடுத்து எஃப் மேஜர். அடுத்து சி மேஜர். நீங்கள் சுரத்தை மாற்றவே இல்லை. ஏ மைனர் மேல் அது ஏங்கும், ஏனென்றால் அங்கே அது கார்டின் மூன்றாவது சுரம், சோகத்தைத் தீர்மானிக்கிற சுரம். எஃப் மேல் நிமிர்ந்து நிற்கும், அங்கே அது ஐந்தாவது. சி மேல் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியது போல அடங்கிவிடும், அங்கே அதுதான் ஆதார சுரம்.

வேகமாகப் பெட்டியை ஓட்டுகிறவர் இந்த மாற்றத்தைத் தாண்டிப் போய்விடுகிறார், அவருக்கு எல்லா ஃப்ரெட்டும் ஒன்றுதான். மெட்டோடு வாசிப்பவர் கார்டு மாறும் நொடிக்காகக் காத்திருந்து, அதற்கேற்ற சுரத்தில் போய் உட்காருவார். எந்தச் சுரத்தில் உட்காருவது என்று தெரிந்துகொள்வதில்தான் என் மாணவர்களுக்கு அதிக நேரம் போகிறது, போகட்டும் என்று விட்டுவிடுவேன்.

கர்நாடக சங்கீதத்தில் கார்டு இல்லை, சுருதி மட்டும்தான், எல்லாச் சுரமும் ஷட்ஜத்தோடு வைத்தே அளக்கப்படும். அங்கே உட்காருகிற சுரத்தைவிட, அந்தச் சுரத்துக்கு எப்படிப் போனோம் என்பதுதான் பெரிய விஷயம். மேலே சொன்ன பென்டடானிக் பெட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏ-யை ஷட்ஜமாக வைத்தால் அதன் ஐந்து சுரங்களும் ச க ம ப நி. சுத்த தன்யாசியின் சுரங்கள். மேஜர் பென்டடானிக் மோகனத்தின் சுரங்கள். ஆனால் அந்தப் பெட்டியை ஏறி இறங்கினால் சுத்த தன்யாசி வந்துவிடாது. கமகம் வேண்டும், அந்த ராகத்துக்கே உரிய பிடிகள் வேண்டும். ஸ்கேல் வேறு, ராகம் வேறு. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது ஒரு வரம், ஏனென்றால் அந்த வித்தியாசம் அவர்கள் காதில் ஏற்கெனவே இருக்கிறது. கட்டுரையின் தொடக்கத்தில் நீங்கள் செய்தது நிஷாதத்திலிருந்து ஷட்ஜத்துக்கு இழுத்துப் போனது.

இதைக் கிட்டாரில் முழுதாகச் செய்து காட்டியவர் நம் பக்கத்து ஊர்க்காரர். கிட்டார் பிரசன்னா, பிறந்தது ராணிப்பேட்டையில். ஐ.ஐ.டி. மெட்ராஸில் கப்பல் கட்டுமானம் படித்து, பிறகு அமெரிக்காவில் பெர்க்லி இசைக் கல்லூரியில் படித்தவர். கீர்த்தனைகளை எலக்ட்ரிக் கிட்டாரில், கம்பியை வளைத்தும் விரலைச் சறுக்கியும், பாடுவது போலவே வாசிக்கிறார். ஃப்ரெட் உள்ள கருவியில் கமகம் வராது என்று யாராவது சொன்னால் அவர் வாசிப்பைப் போட்டுக் காட்டுங்கள். அதைக் கேட்டுவிட்டு அவர் விரல் வேகத்தையும் கவனியுங்கள், அதிலும் குறை சொல்ல இடமில்லை.

கர்நாடக சங்கீதத்தின் முதல் பாடமான சரளி வரிசை படித்த யாருக்கும் இந்தச் சண்டை புதிராகத்தான் இருக்கும். ஒரே வரிசையை மூன்று காலத்தில், அதாவது மூன்று வேகத்தில், பாடுகிறோம். முதல் காலத்தில் சுரம் சுத்தமாக நிற்கிறதா என்று பார்க்கிறார்கள், மூன்றாம் காலத்தில் வேகத்திலும் அதே சுத்தம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அடுத்து வரும் ஜண்டை வரிசையில் இரட்டைச் சுரத்தின் இரண்டாவதை அழுத்தச் சொல்கிறார்கள். வேகத்துக்குள் அழுத்தம் எங்கே விழ வேண்டும் என்பதை எட்டு வயதிலேயே சொல்லிக்கொடுத்து விடுகிறார்கள்.

தினமும் அரை மணி நேரம்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் எப்படிப் பழகலாம் என்று கேட்டால், நான் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான். முதல் பத்து நிமிடம் மெட்ரோனோம். 60-இல் வையுங்கள், தட்டுக்கு ஒரு சுரம், பிறகு இரண்டு. பிக் கீழே ஒன்று, மேலே ஒன்று. மூன்று முறை தொடர்ந்து சுத்தமாக வந்தால் மட்டும் நான்கு, ஐந்து கூட்டுங்கள். மணிக்கட்டிலோ முழங்கையிலோ வலி வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். விரல் நுனி எரிவது சகஜம், மூட்டு வலிப்பது சகஜமில்லை. இந்தப் பத்து நிமிடத்தில் உணர்வைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். விறகு வெட்டுகிற நேரம் இது.

அடுத்த பத்து நிமிடம் ஒரே ஒரு கம்பி. இரண்டாம் கம்பியில் மட்டும், உங்களுக்கு வரி வரியாகத் தெரிந்த ஒரு பாட்டு. அம்மா பாடிய தாலாட்டாக இருக்கலாம், சர்ச்சில் பாடும் கீர்த்தனையாக இருக்கலாம், ஆடி மாதம் தெருவில் ஒலிபெருக்கியில் ஓடும் அம்மன் பாட்டாக இருக்கலாம். டேப் (எந்தக் கம்பியில் எந்த ஃப்ரெட் என்று எண்ணால் எழுதியது) பார்க்கக் கூடாது, காதால் தேடி எடுக்க வேண்டும். ஒரே கம்பி என்பதால் விரல் பெட்டிக்குள் ஓட முடியாது, குரல் போலவே ஏறியும் இறங்கியும் சறுக்கியும்தான் போக வேண்டும். முதல் நாள் ஒரு வரி எடுக்கப் பத்து நிமிடமும் போய்விடும், அது நல்லதுதான்.

அதற்கப்புறம் மூன்றே மூன்று சுரம். முதல் கம்பி ஐந்தாவது ஃப்ரெட், இரண்டாம் கம்பி எட்டாவது, ஐந்தாவது. வேறெதையும் தொடாமல் ஐந்து நிமிடம். ஒரு வரியை முதலில் வாயால் பாடுங்கள், பிறகு அதையே வாசியுங்கள். மூச்சு முடிந்த இடத்தில் கையை எடுங்கள். மூச்சை உள்ளே இழுக்கும் நேரம் முழுக்கக் கிட்டார் சும்மா இருக்கட்டும். பிரிட்ஜுக்கு (கிட்டார் உடலில் கம்பிகள் வந்து சேரும் கட்டை) அருகில் மீட்டினால் ஒலி கூர்மையாக வரும், ஒலித் துளைக்கு மேல் மீட்டினால் உருண்டு வரும். இரண்டிலும் அதே வரியைப் பாருங்கள். கடைசி சுரத்தை ஒரு நாள் மெல்லத் தேயவிடுங்கள், ஒரு நாள் உள்ளங்கையால் சட்டென்று அடக்குங்கள். அந்த மூன்று சுரத்தில் எத்தனை வகை இருக்கிறது என்று நீங்களே பார்ப்பீர்கள்.

மீதி நேரம் தொடக்கத்தில் சொன்ன அந்த பெண்ட். முதல் கம்பியில் கேட்டு, பாடி, பிறகு தள்ளிச் சேர்ப்பது. போனில் பதிவு செய்து கேளுங்கள், வாசிக்கும்போது சேர்ந்தது போலத் தோன்றும், பதிவில் குறைவாகத்தான் இருக்கும். நம் ஊர் வெயிலுக்கு ஒரு சொல்: மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும்போது கை வியர்வையில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், துருவேறிய கம்பி விரலுக்கு அடியில் வழுக்கி வளையாது. வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் துடைத்துவிடுங்கள். கிட்டாரை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள், பிரிட்ஜ் ஒட்டு விட்டுப்போகும்.

அந்தக் காட்பாடித் தம்பி இப்போதும் வருகிறான், சனிக்கிழமை மாலை. வேகத்தை நான் விடச் சொல்லவில்லை, அது அவன் உழைத்துச் சம்பாதித்தது. எட்டாவது ஃப்ரெட் பெண்ட் அவனுக்குப் பத்துக்கு ஆறு முறை சேர்கிறது. சேராத நான்கில் மூன்று குறைவாகவே நிற்கிறது, ஒலி தேய்வதற்குள் சேர்த்துவிட வேண்டும் என்ற அவசரத்தில். போன வாரம் அவனைப் பாடிக்கொண்டே தள்ளச் சொன்னேன். கீழே வீட்டுக்காரம்மா வத்தல் காயப்போட மாடிக்கு வந்தவர், கூடையோடு வாசலில் நின்று, “இன்னொரு தாட்டி பாடுப்பா” என்றார். அவன் கூச்சத்தோடு கிட்டாரை மறுபடி மடியில் சரியாக வைத்துக்கொண்டான்.